வெளி வன்தட்டை இணைத்ததும் கணினி நின்றுபோனால்

யாங்கோன்வாழ் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முக்கிய ஆவண நகல்கள் இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெளி வன்தட்டில் இருக்கின்றன. குடும்பப் பட்டியல், குடியுரிமை அட்டை, பள்ளிச் சான்றிதழ், மறைந்த பெரியோரின் புகைப்படம் ஆகிய யாவும் அதனுள் அடக்கம். 2008ஆம் ஆண்டு மே மாதம் வீசிய நர்கிஸ் புயலில் அடையாள அட்டைகளையும் பத்திரங்களையும் இழந்தோர் பலர். அத்தகைய இழப்புக்குப் பின் நகல் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது நல்லதே. ஆயினும் அந்த வன்தட்டை இணைத்தவுடன் கணினி உறைந்து நிற்பதும், நீலத்திரை தோன்றுவதும், தானாக அணைந்து மீண்டும் எழுவதும் உண்டு. அவ்வேளையில் பதற்றத்தில் செய்யப்படும் ஒரு செயல், பழுதைவிடப் பெரிய சேதத்தை விளைவித்துவிடும்.

இத்தகைய பழுதுகளுக்குப் பெரும் நிறுவனங்களும் விலக்கல்ல. 1998ஆம் ஆண்டு ஏப்ரலில், விண்டோஸ் 98 மென்பொருளைப் பில் கேட்ஸ் முன்னிலையில் மேடையில் விளக்கியபோது, ஒரு ஸ்கேனரை யூஎஸ்பி வழியாக இணைத்த மாத்திரத்தில் நீலத்திரை தோன்றியது, அரங்கமே சிரித்தது. 2019ஆம் ஆண்டு மே மாத விண்டோஸ் 10 புதுப்பிப்பும், வெளி வன்தட்டோ நினைவக அட்டையோ செருகப்பட்டிருந்த சில கணினிகளில் நிறுவ இயலாதவாறு தடுத்து வைக்கப்பட்டது. ஆதலால் பெரிய புதுப்பிப்பு நடைபெறும் வேளையில் வன்தட்டைக் கழற்றி வைத்தல் நன்று.

முதலில் கவனிக்க வேண்டியது கணினி எப்போது நிற்கிறது என்பதே. வன்தட்டு செருகியிருக்கும்போது கணினி துவங்கவே மறுத்து, கழற்றியதும் இயல்பாகத் துவங்கினால், பெரும்பாலும் அது விண்டோஸை வெளி வன்தட்டிலிருந்து தேடுகிறது என்று கொள்ளலாம். பயாஸ் அமைப்பில் துவக்க வரிசையை மாற்றி, உள் வன்தட்டை முதலிடத்தில் வைத்தால் போதும். செருகிய சில நொடிகளில் நின்றால் மின்விசைக் குறைவையோ கம்பியையோ ஐயுற வேண்டும். குறிப்பிட்ட ஒரு கோப்பைத் திறக்கும்போதோ நகலெடுக்கும்போதோ மட்டும் நின்றால், வன்தட்டின் உட்பகுதியே பழுதாகத் தொடங்கியிருக்கலாம்.

மின்விசைக் குறைவே மிகுதியாகக் காணப்படும் காரணம். யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர் மின்னோட்டமும், நீலநிற யூஎஸ்பி 3.0 துளை 900 மில்லிஆம்பியரும் தருவதற்கு வகுக்கப்பட்டவை. சிறிய வன்தட்டு சுழலத் தொடங்கும் கணத்தில் ஏறக்குறைய ஓர் ஆம்பியர்வரை கேட்கக்கூடும். மேசைக்கணினியின் முன்பக்கத் துளைகளுக்கு உள்ளே நீண்ட கம்பி செல்வதால் அங்கு மின்விசை மேலும் குறையலாம். பின்பக்கத் துளையில் செருகிப் பார்க்க வேண்டும். பல கருவிகளை ஒன்றாக இணைக்கும் மலிவான யூஎஸ்பி ஹப் வழியாக வன்தட்டை இணைப்பது அறவே கூடாது. அடுத்து கம்பியை மாற்றிப் பார்க்க வேண்டும். அகன்று தட்டையான முனை கொண்ட கம்பி அடிக்கடி கழற்றி மாட்டுவதால் தளர்ந்துவிடும். புதுக் கம்பியின் விலை, வன்தட்டின் விலையோடு ஒப்பிட்டால் அற்பமே.

இந்நகரில் மின்சாரம் நின்று நின்று வருவதால், வன்தட்டின் வகையைப் பொறுத்து விளைவும் மாறுகிறது. கணினியிலிருந்தே மின்சாரம் பெறும் சிறிய வன்தட்டு மடிக்கணினியில் இருந்தால், மின்சாரம் போனாலும் மின்கலத்தின் துணையால் அது தொடர்ந்து இயங்கும். சுவரில் செருகும் தனி அடாப்டர் கொண்ட பெரிய வன்தட்டோ அக்கணமே நின்றுவிடும். மடிக்கணினி ஒன்றும் அறியாததுபோல் எழுதிக்கொண்டிருக்கும். அதனால் கோப்புகள் சிதைவதோடு கணினியும் உறைந்துவிடுகிறது. பெரிய வன்தட்டு வைத்திருப்போர் அதன் அடாப்டரையும் யூபிஎஸ் கருவியிலேயே இணைக்க வேண்டும். மின்சாரம் திரும்பும் முதற்கணங்களில் அழுத்தம் ஏறி இறங்கக்கூடும் என்பதால், சில நிமிடங்கள் பொறுத்து இணைப்பதே நலம்.

விண்டோஸில் உள்ள ஈவென்ட் வியூவர் என்னும் பதிவேட்டில் சிஸ்டம் பகுதியைத் திறந்தால், கணினி நின்ற நேரத்தையொட்டிய குறிப்புகளைக் காணலாம். டிஸ்க் என்ற பெயருடன் 157 என்ற எண் இருந்தால் வன்தட்டு திடீரெனத் துண்டிக்கப்பட்டது என்று பொருள். கம்பியையும் மின்விசையையும் பார்க்க வேண்டும். 7 என்ற எண் இருந்தால் தட்டின் ஒரு பகுதியைப் படிக்க இயலவில்லை என்று பொருள். டிக், டிக் என்ற ஓசை ஒரே சீராகத் திரும்பத் திரும்பக் கேட்பதும் உட்பழுதின் அடையாளமே. அந்நிலையில் வன்தட்டை மீண்டும் மீண்டும் செருகிப் பார்த்தல் ஆகாது.

பலர் பிழை செய்வது இவ்விடத்தில்தான். திரையில் ஃபார்மட் செய்யவா என்று கணினி கேட்கும். வேண்டாம் என்றே விடையளிக்க வேண்டும். செக்டிஸ்க் கட்டளை பிழை திருத்தும் கருவிதான். ஆனால் உட்பழுதுள்ள தட்டில் அதை ஓட்டினால், மிஞ்சியிருக்கும் கோப்புகளும் சிதையக்கூடும். வன்தட்டு திறக்கும் நிலையில் இருந்தால் மறுபடி கிடைக்காத ஆவணங்களையும் படங்களையும் முதலில் நகலெடுத்துக்கொண்டு, திரைப்படங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். திறக்கவே இல்லையெனில் பழுதுநீக்கும் கடையில் ஒப்படைக்கும்போது, வன்தட்டு அல்ல, உள்ளிருக்கும் கோப்புகளே வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிடில் அழித்துச் சீராக்கித் தந்துவிடுவர்.

கோப்புறைகள் மறைந்து அவற்றின் இடத்தில் குறுக்குவழிகள் மட்டும் தோன்றினால் அது நச்சுநிரலின் வேலையாக இருக்கலாம். அச்சுக்கடைக் கணினிகளில் செருகி வந்த வன்தட்டில் இது நேர்வதுண்டு. கோப்புகள் பெரும்பாலும் அழியாமல் மறைக்கப்பட்டே இருக்கும் என்பதால், குறுக்குவழிகளை அழுத்தாமல் நச்சுநிரல் நீக்கியால் சோதிக்க வேண்டும். அச்செடுக்கச் செல்வோர் வன்தட்டுக்குப் பதிலாக, தேவையான கோப்பை மட்டும் கொண்ட சிறு பென் டிரைவை எடுத்துச் செல்லலாம்.

2018ஆம் ஆண்டின் 1809 பதிப்பு முதல் விண்டோஸ் 10, வெளிக் கருவிகளை உடனே கழற்றக்கூடிய முறையில் அமைத்துள்ளது. நகலெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போது பிடுங்குவதற்கு அது அனுமதியாகாது. பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுத்து, விளக்கு அணைந்தபின் கழற்றுவதே முறை. மழைக்காலத்தில் வன்தட்டை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வைக்கலாம். குடும்ப ஆவணங்களின் இரண்டாம் நகல் வேறொரு வீட்டில், உறவினரிடம் இருப்பது நன்று. ஒரே அலமாரியில் வைத்த இரு வன்தட்டுகள் ஒரே நாளில் நனையக்கூடும்.