காரைக்காலும் மின்விசையும்

காவிரியின் கிளையாறுகள் கடலொடு கலக்கும் சமவெளியில், மூன்று புறமும் தமிழ்நாட்டு ஊர்கள் சூழ, கிழக்கே வங்கக்கடல் அலை வீசக் கிடப்பது காரைக்கால். 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்று, 1954ஆம் ஆண்டில் இந்தியாவொடு இணைந்த இப்பகுதி, இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஓர் உறுப்பாகும். மருதமும் நெய்தலும் கைகோத்து நிற்கும் இச்சிறு நிலத்தில் வயலுக்கு நீர் இறைக்கவும், மீனுக்குப் பனிக்கட்டி ஆக்கவும், இரவில் மாணவர் நூல் பயிலவும் மின்விசை இன்றியமையாதது. அஃது எங்கிருந்து வருகின்றது?

ஒரு பங்கு அவ்விடத்திலேயே பிறக்கின்றது. காரைக்காலுக்குத் தெற்கேயுள்ள திருமலைராயன்பட்டினத்தில், புதுச்சேரி மின்திறல் குழுமத்தின் மின்நிலையம் 2000ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. அதன் ஆற்றல் 32.5 மெகாவாட்டு. அண்மையிலுள்ள நரிமணம் முதலிய இடங்களில் நிலத்தடியினின்று கிடைக்கும் இயற்கை எரிவாயுவே அதற்கு உணவு. எரிவாயு எரிந்து ஒரு சுழலியைச் சுழற்றுகின்றது. சுழற்றி வெளிப்படும் வெப்பப் புகை வீணாகப் போக்கப்படுவதில்லை. அது நீரை ஆவியாக்க, அந்நீராவி மற்றொரு சுழலியைச் சுழற்றுகின்றது. கரும்பைப் பிழிந்தபின் சக்கையையும் அடுப்பெரிக்கக் கொள்ளும் உழவரின் சிக்கனத்தை இது நினைவூட்டும்.

எனினும் ஒரு நிலையத்தை மட்டும் நம்பி ஓர் ஊர் வாழ இயலாது. நெல்லைக் குதிரில் இட்டு வைக்கலாம். மின்விசையை அங்ஙனம் எளிதில் இட்டு வைத்தல் இயலாது. ஒவ்வொரு நொடியும் ஆக்கமும் செலவும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாதாயின், நொடிக்கு 50 அலைவு என்னும் அளவு பிறழ்ந்து, நாடெங்கும் கேடு விளையும். ஆதலின் மின்நிலையங்கள் யாவும் ஒரே வலையாகப் பிணைக்கப்பட்டுள்ளன. நெடுங்காலம் தனித்து நின்ற தென்னாட்டு மின்வலை, 2013ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாள், இராய்ச்சூர்–சோலாப்பூர் தடத்தின் வழியாக வடநாட்டு வலையொடு ஓரலைவாய் இணைந்தது. நெய்வேலியிலும் கல்பாக்கத்திலும் பிறக்கும் மின்விசைக்கும் காரைக்கால் விளக்குக்கும் உறவு அவ்வலையினால் ஆயது.

இம்மின்வலையில் இன்றும் பெரும்பங்கு நிலக்கரியினுடையது. 2009ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட காரைக்கால் துறைமுகத்திலும் வந்திறங்கும் சரக்குகளில் நிலக்கரியே தலையாயது. நிலக்கரி எரிய எரியக் குறையும். அதன் புகையோ வானில் தங்கி உலகை வெப்பமூட்டும். கடல் மட்டத்தினின்று சிறிதே உயர்ந்த கழிமுக நிலத்தார்க்கு இஃது ஏட்டுச் செய்தி அன்று. 2018ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கசா புயலில் அப்பக்கத்துத் தென்னைகளும் மின்கம்பங்களும் ஒருங்கே சாய்ந்தமையை அவர்கள் மறவார்.

அதனால் குறையா ஆற்றலாகிய கதிரவன் ஒளியையும் காற்றையும் வளர்க்க அரசு சட்டம் வகுத்தது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, மின்விசை வழங்குவோர் தாம் வாங்குவதில் ஒரு விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலினின்றே பெறுதல் வேண்டும். எத்துணை விழுக்காடு என்பதை ஒழுங்குமுறை ஆணையங்கள் வரையறுக்கும். விற்பார் உளராயினும் கொள்வார் இன்றேல் எத்தொழிலும் தழையாது. கொள்வாரை உறுதிப்படுத்தியதே இச்சட்டத்தின் நுட்பம்.

2010ஆம் ஆண்டில் தொடங்கிய சூரிய ஆற்றல் இயக்கம் முதலில் 20,000 மெகாவாட்டையே குறித்தது. 2015இல் அவ்விலக்கு 1,00,000 ஆக உயர்ந்தது. 2022க்குள் எய்த வேண்டிய அதனை நாடு 2025 சனவரியில்தான் கடந்தது. கூரைகளின்மேல் அமையவேண்டிய 40,000 மெகாவாட்டே மிகவும் பின்தங்கிய பகுதி. அக்குறையை நீக்கவே, 2024இல் ஒரு கோடி வீடுகளுக்கெனத் தீட்டப்பட்ட திட்டத்தில், 3 கிலோவாட்டுத் தகடுகளுக்கு 78,000 ரூபாய் மானியம் வகுக்கப்பட்டது.

காரைக்காலுக்கு இதனால் ஆவது யாதெனக் கணக்கிட்டுக் காணலாம். திருமலைராயன்பட்டின நிலையம் முழு ஆற்றலோடு ஒரு நாள் முழுதும் ஓடினால் 7,80,000 அலகு மின்விசை தரும். ஒரு கிலோவாட்டுத் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 அலகே தரும். ஆகவே 195 மெகாவாட்டுத் தகடுகள் வேண்டும். மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் எனக் கொண்டால், ஏறத்தாழ 800 முதல் 1,000 ஏக்கர் நிலம் வேண்டும்! நெல் விளையும் வண்டல் நிலத்தை அதற்கெனக் கொடுக்க எவர் மனம் துணியும்? கூரைகளைக் கொள்வோமெனின், கூரைக்கு 3 கிலோவாட்டாக 65,000 கூரைகள் தேவை. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி காரைக்கால் மக்கள் ஏறத்தாழ இரண்டு இலட்சம்; வீட்டுக்கு நால்வர் எனின் வீடுகள் ஐம்பதாயிரமே. அவற்றுள்ளும் ஓட்டுக்கூரையும் கீற்றுக்கூரையும் உள. ஆயினும் பள்ளி, மருத்துவமனை, அரசு அலுவலகம், கிடங்கு ஆகியவற்றின் அகன்ற கூரைகள் வெயிலைத் தாங்கி வறிதே கிடக்கின்றன. அவற்றைக் கொள்வதால் ஒருபிடி நெல்லும் குறையாது.

பகலவன் மறைந்தபின் என் செய்வது என்னும் வினா எஞ்சுகின்றது. மின்கல அடுக்குகள் ஒரு வழி. கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் மற்றொரு வழி உண்டு. மின்விசை மிகும் வேளையில் கீழுள்ள நீரை மலைமேல் ஏற்றி, தட்டுப்படும் வேளையில் அதனை இறக்கி, 400 மெகாவாட்டு வரை அங்கு ஆக்குகின்றனர். மேடு என ஒன்று இல்லாத காரைக்காலில் அது கூடாது. அங்கு இரவில் எரியும் விளக்குக்கு நரிமணத்து வாயுவும், தொலைவிலிருந்து வரும் மின்கம்பியுமே இன்றளவும் துணை.