படமும் தேதியும் சேர்ந்தே வரட்டும்

பழைய போனில் இருக்கும் படங்களையும் கோப்புகளையும் புதிய டேப்லெட்டுக்கு அனுப்ப அரை மணி நேரம் போதும். அனுப்புவதற்கு முன் அவற்றைப் பிரித்து அடுக்கத்தான் ஒரு முழு நாள் வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிடுவோம், பெரிய திரையில் வைத்துச் சாவகாசமாக அடுக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். படம் என்னவோ வந்து சேர்ந்துவிடும். அது எந்த நாளில் எடுத்தது என்ற விவரம் பல சமயம் வழியிலேயே உதிர்ந்துவிடும்.

காரைக்கால் கடற்கரையில் உள்ள கிளிஞ்சல்மேடு போன்ற மீனவ ஊரில் ஒரு குடும்பத்தின் போன் வெறும் ஆல்பம் இல்லை. கல்யாணமும் காதுகுத்தும் மாங்கனித் திருவிழாவும் இருக்கும் அதே கேலரியில்தான் படகின் பதிவுச் சான்று, எஞ்சின் வாங்கிய பில், மீனவர் அடையாள அட்டை, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் போட்டோவாகக் கிடக்கும். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை ஒரு படகைப் பிடித்துவிட்டால், படகை மீட்க உரிமையாளரே அங்குள்ள நீதிமன்றத்தில் ஆவணங்களோடு நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் ஆயிரக்கணக்கான படங்களுக்கு நடுவே பதிவுச் சான்றைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலம், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாட்கள், வலையும் எஞ்சினும் பழுதுபார்த்தது போக இந்த வேலைக்கும் தோதான காலம்.

முதலில் பார்க்க வேண்டியது அளவு. 64 ஜிபி என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்ட டேப்லெட்டில் இயங்குதளமும் செயலிகளும் எடுத்தது போக 40 முதல் 50 ஜிபிதான் கைக்குக் கிடைக்கும். சாதாரண போன் கேமராவில் எடுத்த ஒரு படம் 3 முதல் 5 எம்பி வரை இருக்கும். ஆயிரம் படம் என்றால் ஏறக்குறைய 4 ஜிபி. இடத்தை விழுங்குவது வீடியோதான். முழு ஹெச்டியில் ஒரு நிமிடம் ஓடும் காட்சி 100 எம்பியைத் தொடும். 4கே என்றால் அதைப்போல மூன்று நான்கு மடங்கு. கரையில் வலை இழுக்கும் பத்து நிமிட வீடியோ ஒன்று, சில நூறு படங்களின் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். எனவே களையெடுப்பை வீடியோவிலிருந்து தொடங்குவதே சிக்கனம்.

அடுத்த களை வாட்ஸ்அப் குழுக்கள். விளக்கும் பூவுமாக வரும் ‘காலை வணக்கம்’ படங்கள் இந்தியர்களின் போன்களை நிரப்புவதை கூகுள் நிறுவனமே கவனித்து, அவற்றைக் கண்டுபிடித்து நீக்கும் வசதியை 2018இல் தன் ‘ஃபைல்ஸ்’ செயலியில் சேர்த்தது. ஒரே படம் இரண்டு மூன்று முறை இருப்பதையும், பெரிய கோப்புகளையும், ஸ்கிரீன்ஷாட்களையும் அந்தச் செயலி தனித்தனியாகக் காட்டும். ஆனால் எதை அழிக்கலாம் என்று அது சொல்லும் யோசனைகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது. ரசீதுகளையும் விண்ணப்ப எண்களையும் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைப்பது நம்மூர் வழக்கம்; செயலிக்கு அதுவும் குப்பைதான்.

இனி தேதி. கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் எடுத்த நாள், மணி, கருவியின் பெயர், சில சமயம் இடம் ஆகியவை கண்ணுக்குத் தெரியாத குறிப்பாகப் பதிந்திருக்கும். 1995இல் ஜப்பானில் வகுத்த ‘எக்ஸிஃப்’ என்ற முறை இது. இந்தக் குறிப்பு இருக்கும் படம் எந்த வழியாக எங்கே போனாலும், கேலரி அதைச் சரியான நாளில் கொண்டுபோய் வைக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இது இருக்காது. அனுப்பும்போதே அந்தச் செயலி குறிப்பை நீக்கிவிடுகிறது, படத்தையும் சுருக்கிவிடுகிறது. அப்படிப்பட்ட படத்துக்குக் கோப்பின் மேல் ஒட்டியிருக்கும் தேதி ஒன்றுதான் கதி. டேட்டா கேபிளில் நகலெடுக்கும்போது அந்தத் தேதியும் பெரும்பாலும் நகலெடுத்த நாளாக மாறிவிடும். விளைவு, நான்கு வருஷத்துப் படங்கள் எல்லாம் டேப்லெட் வாங்கிய கிழமையில் ஒரே குவியலாக நிற்கும். வாட்ஸ்அப் படத்தின் பெயரில் ஒரு தேதி இருக்கிறதே என்றால், அது படம் வந்த நாள். எடுத்த நாள் வேறாக இருக்கலாம்.

அடுக்கும் வேலையைப் பழைய போனிலேயே முடித்துவிட வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். அங்கே தேதிகள் இன்னும் கலையாமல் இருக்கின்றன. ஒரு போனுக்குள் கோப்பை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தினால் தேதி பொதுவாக மாறாது, நகலெடுத்தால் மாறலாம். ஃபோல்டர் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணில் தொடங்கி, பிறகு தமிழில் நிகழ்ச்சியை எழுதுவது நல்லது: ‘2018-11-16 கஜா புயல்’. நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஒன்றுகூடிவிடும். ஆண்டு முன்னால் நின்றால் எந்தக் கருவியும் தானாகவே காலவரிசையில் அடுக்கும். ஃபோல்டர்கள் அதிகம் வேண்டாம். வீட்டு விசேஷங்களுக்கு ஆண்டுக்கு ஒன்று, படகுக்கு ஒன்று, குடும்ப ஆவணங்களுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று என்று வைத்தால் போதும். நுணுக்கமாகப் பிரித்துத் தொடங்குகிற ஏற்பாட்டை யாரும் நெடுநாள் தொடர்வதில்லை.

அனுப்பும் வழிகள் பல. இரண்டும் ஆண்ட்ராய்டு என்றால் ‘குயிக் ஷேர்’ எளிது. முன்பு ‘நியர்பை ஷேர்’ என்றிருந்ததற்கு 2024 தொடக்கத்திலிருந்து இதுவே பெயர். இரு கருவிகளும் வைஃபையில் நேரடியாகப் பேசிக்கொள்வதால் டேட்டா செலவாகாது. ஒரு காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய ஷேர்இட், ஜெண்டர் ஆகியவை 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் அடக்கம். பழைய நிறுவல் கோப்பை யாராவது கொடுத்தாலும் போடாமல் இருப்பதே நல்லது. டேப்லெட் ஐபேட் என்றால், அதை முதன்முதலாகத் தொடங்கும்போதே ஆண்ட்ராய்டு போனில் ஆப்பிளின் ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலியைத் திறந்து மாற்றிக்கொள்ளலாம்.

நிறையக் கோப்புகள் இருந்தால் கேபிளை விஞ்ச எதுவும் இல்லை. சாதாரண யுஎஸ்பி வழியில் 30 ஜிபி சுமார் 20 நிமிடத்தில் போய்விடும். சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். போனையும் டேப்லெட்டையும் நேராக இணைக்க வழியில்லாதபோது மெமரி கார்டோ, ஓடிஜி முனை உள்ள பென்டிரைவோ இடையில் நின்று உதவும்.

மேகச் சேமிப்பு என்கிற கூகுள் போட்டோஸ் வழியை இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தினம் ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜில் 30 ஜிபியை ஏற்ற, வேறெதற்கும் டேட்டாவைத் தொடாமல் இருந்தாலே 20 நாள் ஆகும். 2021 ஜூன் 1 முதல் கூகுளின் இலவச இடம் மின்னஞ்சல், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். இப்போது ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில்தான் இடம் பிடிக்கிறது. இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. ஒரே கணக்கில் இணைந்த கருவிகளில் டேப்லெட்டில் இடம் வேண்டும் என்று ஒரு படத்தை அழித்தால், அது கூகுள் கணக்கிலிருந்தும் போனிலிருந்தும் சேர்ந்தே மறையும். குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் மீட்கலாம். கருவியில் மட்டும் இடம் காலி செய்ய அதே செயலியில் தனி வசதி இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது பலரின் குறுக்குவழி. தேதியும் போய், தெளிவும் போகும் வழி அது. வேறு வழியே இல்லையென்றால் படமாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் கோப்பு மூலத்தில் இருந்தபடியே போகும். கடலில் எடுத்த வீடியோக்களில் இதற்கு நேர்மாறான கவலையும் உண்டு. இடக் குறிப்பைப் பதியவிட்டிருந்தால், மீன் நன்றாகப் பட்ட இடம் கோப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். வெளியாட்களுக்கு மூலக் கோப்பைக் கொடுக்கும் முன் அதை நீக்கிவிட வேண்டும்.

டேப்லெட்டில் வாட்ஸ்அப்பை இணைத்துக்கொள்ளலாம். ஆனால் போன்தான் முதன்மை. அண்மைக்கால உரையாடல்கள் டேப்லெட்டுக்கு வரும், பழையவை எல்லாம் வராது. போனை 14 நாள் திறக்காமல் போட்டுவிட்டால் இணைப்பும் அறுந்துவிடும். புதியது வந்துவிட்டதே என்று பழைய போனைப் பெட்டிக்குள் போடுகிறவர்களுக்கு இது மூன்றாவது வாரத்தில் தெரியவரும்.

தமிழ்க் கோப்புகளுக்கென்று தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. கம்ப்யூட்டர் சென்டர்களில் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்துக் கொடுத்த மனுக்களும் திருவிழா அழைப்பிதழ்களும் டேப்லெட்டில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறித் தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்து வேலை செய்தவை. எழுத்துரு இல்லாத கருவியில் அடியில் இருப்பது வெளியே தெரிகிறது. எழுத்துரு மாற்றி ஒன்றில் கொடுத்து யூனிகோடாக்கிவிட்டால் சரியாகும். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. அதன் பிறகும் டிடிபி கடைகளில் பழைய எழுத்துருக்கள் நெடுநாள் ஓடின. இனிமேல் அடிக்கக் கொடுப்பவர்கள் பிடிஎஃப் நகல் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

ஆவணங்களில் ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றைப் போட்டோவாகச் சுமப்பதைவிட, 2015இல் தொடங்கிய டிஜிலாக்கரில் எடுத்துக்கொள்வது மேல். அங்கே வழங்கப்படும் சான்றுக்கு மூலச் சான்றின் மதிப்பு உண்டு; போனில் எடுத்த படத்துக்கு அது கிடையாது. அங்கே கிடைக்காதவற்றை மட்டும் நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக வைத்தால் போதும். டேப்லெட் வீட்டில் எல்லோர் கையிலும் புழங்கும் பொருள் என்பதால், இந்த ஃபோல்டரைக் கடவுச்சொல் கேட்கும் பூட்டுக்குள் வைப்பது அவசியம்.

காகிதப் படங்களையும் இதோடு சேர்த்துவிடலாம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் உயிரிழப்பில் பெரும்பங்கு காரைக்காலுக்குத்தான். கரையோர வீடுகளில் இருந்த படங்களும் பத்திரங்களும் வீடுகளோடு போயின. எஞ்சியவற்றை உப்புக் காற்றும் பூஞ்சையும் அரித்துக்கொண்டிருக்கின்றன. சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்த்து எடுக்கக் கூடாது. கண்ணாடியோடு வைத்தே, பிரதிபலிப்பு விழாத கோணத்தில் எடுக்க வேண்டும். தபால் அட்டை அளவுப் படத்தை ஸ்கேனரில் 600 புள்ளி அடர்த்தியில் எடுத்தால் பிறகு பெரிதாக்கவும் முடியும். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களையும் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மின்னுருவாக்கியது. அப்படிப்பட்ட தொகுப்புகளில் ஒரு படத்துக்கு மதிப்பைத் தருவது அதோடு எழுதியிருக்கும் ஊரும் காலமும்தான். வீட்டுப் படத்துக்கும் அப்படியே. யார், எங்கே, ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதைப் பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ கேட்டுக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிட வேண்டும். ஸ்கேன் செய்த படத்தின் தேதி ஸ்கேன் செய்த நாளாகத்தான் இருக்கும்; கேலரியில் அதைத் திருத்தலாம்.

எல்லாம் வந்துவிட்டது என்று செயலி சொல்வதை மட்டும் நம்பி எதையும் அழிக்கக் கூடாது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரு கருவிகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படங்களைத் திறந்து பார்த்து, பெரிய வீடியோக்களைக் கடைசி நிமிடம் வரை தள்ளிப் பார்க்க வேண்டும். பாதியில் அறுந்த கோப்பும் முதல் நிமிடத்தில் ஒழுங்காகவே ஓடக்கூடும். பிறகு பென்டிரைவிலோ எஸ்எஸ்டியிலோ இன்னொரு நகல். கஜா புயலின்போது மின்சாரமும் சிக்னலும் போன கரை இது. இணையத்தில் மட்டும் இருக்கும் நகல் அந்த நாட்களில் கைக்கு எட்டாது. அந்தப் பென்டிரைவும் அதே வீட்டு அலமாரியில் இருந்தால் வெள்ளத்தில் இரண்டும் சேர்ந்தே போகும். திருநள்ளாற்றிலோ கும்பகோணத்திலோ உள்ள உறவினர் வீட்டில் ஒன்று இருப்பது பாதுகாப்பு. பென்டிரைவை ஆண்டுக்கு ஒரு முறையாவது செருகித் திறந்து பார்க்க வேண்டும்.

பழைய போனை விற்பதோ பிள்ளைகளுக்குக் கொடுப்பதோ ஒரு மாதம் பொறுத்துச் செய்யலாம். விடுபட்டது எதுவும் அதற்குள் தெரிந்துவிடும். யுபிஐ, வங்கிச் செயலிகள் சிம்மோடு கட்டுண்டவை. சிம் இல்லாத டேப்லெட்டில் அவை நடக்காது என்பதால், சிம் எந்தப் போனுக்குப் போகிறதோ அதில் முதலில் அவற்றைத் தொடங்கிப் பார்த்துவிட வேண்டும். மெமரி கார்டையும் சிம்மையும் கழற்றிய பின் போனிலிருந்து கூகுள் கணக்கை நீக்கி, அதன் பிறகே முழுவதுமாக அழிக்கும் ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்ய வேண்டும். கணக்கை நீக்காமல் அழித்த போனை வாங்கியவர் திறக்கும்போது பழைய உரிமையாளரின் கடவுச்சொல்லைத்தான் அது கேட்கும்.