பழைய மருந்து, புதிய வேலை

ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் மசியாத காசநோயை லைனசோலிட் எப்படி அடக்குகிறது? 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அது நிமோனியாவுக்கும் தோல் தொற்றுகளுக்குமான மருந்து. கிருமி உயிர்வாழப் புரதம் வேண்டும். அதைத் தயாரிப்பவை ரைபோசோம்கள். லைனசோலிட் அங்கேயே போய் ஒட்டிக்கொண்டு உற்பத்தியைத் தொடக்கத்திலேயே முடக்குகிறது. ஐசோனியசிடும் ரிஃபாம்பிசினும் தாக்கும் இடம் வேறு. அதனால்தான் அவற்றுக்குத் தப்பிய கிருமியும் இதனிடம் சிக்குகிறது.

சிக்கலும் அங்கேதான். நம் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவிலும் அதே சாயலில் ரைபோசோம்கள் உண்டு. மாதக்கணக்கில் சாப்பிடும்போது அவையும் அடிபடுகின்றன: பாதம் மரத்துப்போகலாம், ரத்தசோகை வரலாம், பார்வை மங்கலாம். சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஆய்வில், 600 மில்லிகிராமில் தொடங்கி, சில வாரங்கள் கழித்து 300 ஆகக் குறைத்துப் பார்த்தார்கள். புது மருந்து கண்டுபிடிப்பதற்குச் சற்றும் குறையாத வேலை இது.

பெடாக்குலின், பிரட்டோமானிட், மாக்சிஃப்ளாக்சசினுடன் லைனசோலிட் சேரும் ஆறு மாதச் சிகிச்சைக்கு இந்தியா 2024இல் ஒப்புதல் தந்தது. எந்த ஊரானாலும், இருமல் இரண்டு வாரம் தாண்டினால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருந்து சாப்பிடும்போது கால் மரத்துப்போனால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.