வரம்பில் நிற்கும் பார்த்தீனியம் யாருடையது?

கிளிநொச்சிப் பக்கம் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு பொதுத்தோட்டம் செய்கிறோம். மீள்குடியேறி வந்தபோது பற்றையாய்க் கிடந்த காணி. அவரவர் பாத்தியில் ஒரு புல்லும் இராது. ஆனால் வரம்பும் வேலியோரமும் கிணற்றடியும் யாருக்கும் சொந்தமில்லை. பார்த்தீனியம் வெள்ளைப் பூவோடு நிற்பது அங்கேதான்.

1987இல் இந்திய அமைதிப்படை வந்த காலத்தில்தான் இந்தச் செடி இங்கு வந்தது என்று மூத்தவர்கள் சொல்வார்கள். எப்படி வந்தாலென்ன, ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். அவை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். ஒருநாள் சிரமதானம் செய்து படம் எடுத்தால் போதாது.

பூக்குமுன் பிடுங்க வேண்டும். மழை பெய்து மண் ஈரமாய் இருந்தால் வேரோடு வரும். உழவாரத்தால் செதுக்கினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். வெறுங்கையால் தொட்டால் தோல் கடிக்கும். சிலருக்கு இழுப்பும் வரும். எங்களோடு நின்ற அக்கா ஒருவர் கை முழுக்கத் தடித்துத் தோட்டத்தையே விட்டுவிட்டார். கணவரை இழந்த அவருக்கு அந்தக் கத்தரியும் மிளகாயும்தான் வீட்டுச் செலவு. அதன்பிறகுதான் எங்களுக்குக் கையுறை வாங்கத் தோன்றியது.

பூத்த செடியை எருக்குழியில் போடக் கூடாது. விதை பசளையோடு பாத்திக்கே திரும்பி வரும். பையில் கட்டிக் கொண்டுபோய் எரிக்கிறோம்.

இப்போது ஞாயிறு காலையில் முறைவைத்துப் பொது இடத்தைத் துப்புரவாக்குகிறோம். காலில் செல் துண்டோடு இருப்பவர்களால் குந்தியிருந்து பிடுங்க முடியாது. அவர்கள் பாத்திகளுக்கு இடையே வைக்கோலும் காய்ந்த ஓலையும் தடிப்பாகப் பரப்புகிறார்கள். வெளிச்சம் படாத இடத்தில் களை முளைப்பது குறைவு.

அக்கா இந்தப் போகம் இரண்டு பாத்தி கேட்டிருக்கிறார்.