‘போதும்’ என்று சொல்லத் தெரிந்த கடை

குடும்பத்தோடு படிக்கும் சங்க இதழில் மதுக்கடையைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கலாம். என் மனைவியும் அதையேதான் கேட்டாள். குடியைப் புகழ்ந்து ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்று அவளுக்குக் கொடுத்த வாக்கை உங்களுக்கும் கொடுத்துவிட்டுத் தொடங்குகிறேன்.

பொம்மசந்திரா, ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வரும் தொழிற்பேட்டை. ஆனேக்கல் தாலுக்காவில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் நாராயண ஹ்ருதயாலயா மருத்துவமனை வந்த பிறகு வெளியூர்க்காரர்களுக்கும் இந்தப் பெயர் பழகியது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து இங்கே வரை, சுமார் 19 கிலோமீட்டருக்கு, மஞ்சள் தட மெட்ரோ ஓடத் தொடங்கியது. இதற்கெல்லாம் முன்பே தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையன்கள் இங்கே பட்டறை வேலைக்கு வந்துவிட்டார்கள். ஒரு அறையில் ஐந்து பேர். ஒருவன் ஷிப்டுக்குப் போனால் இன்னொருவன் அதே பாயில் படுப்பான். நானும் 1997-இல் அப்படி வந்தவன்தான்.

நான் சொல்லும் பார், மெயின் ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. பஞ்சர் கடைக்கும் ஹார்டுவேர் கடைக்கும் நடுவில் ஒரு சந்து. அதன் கோடியில் ஆறு மேஜை. சுவரில் ராஜ்குமார் படம். பக்கத்திலேயே ஓசூர்க்கார வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்து மாட்டிய எம்.ஜி.ஆர். படம். திரையில் குடிப்பதைத் தவிர்த்தவர்கள் என்று பெயர் எடுத்த இரண்டு பேரும் இங்கே மாலையோடு சிரிக்கிறார்கள்! தொட்டுக்கொள்ளக் காங்கிரஸ் கடலை, மிளகுத்தூள் தூவிய வெள்ளரி, ஆம்லெட். ராத்திரி எட்டு மணிக்கு மேல் ராகி முத்தெயும் கோழிச் சாறும் உண்டு. முத்தெ என்பது நம்ம ஊர்க் களிதான். தருமபுரிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

பெங்களூருக்கு ‘பப்’ நகரம் என்று ஒரு பெயர் உண்டு. ரெஸ்ட் ஹவுஸ் சாலையில் 1989-இல் திறந்த பீகோஸ், கண்டோன்மெண்டில் முப்பதுகளில் தொடங்கிய டீவார்ஸ் என்று பழம்பெருமை பேசுவார்கள். எங்கள் கடைக்கு அப்படி ஒரு புகழும் இல்லை. ஆனால் அதுவும் தனி மனிதர் ஒருவர் சொந்தமாக நடத்தும் கடை. நம்ம ஊரில் இப்படி ஒன்றைப் பார்ப்பது அரிது. தமிழ்நாட்டில் 1937-இல் சேலத்தில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார், 1971-இல் விலக்கு நீங்கியது, மறுபடி வந்தது, மறுபடி போனது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது; 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே போனது. கம்பிக்குப் பின்னால் நிற்கும் ஊழியருக்கு நீங்கள் யார் என்று தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. கர்நாடகத்திலோ 1992-இல் புதிய பார் உரிமங்களைக் கொடுப்பதை நிறுத்தினார்கள். அதன் பின் பல ஆண்டுகள் பழைய உரிமங்களே கைமாறி வந்தன. அதனால்தானோ என்னவோ, இப்படிப்பட்ட சந்துக் கடைகள் பல காலம் ஒரே முகத்தோடு நின்றன.

எங்கள் கடையின் முகம், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி. ஆனேக்கல் பக்கத்துக்காரர். கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். உள்ளே நுழைந்ததும் அவர் கேட்பது, “ஊட்டா ஆய்த்தா?” சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகுதான் கிளாஸ் வரும். சம்பள நாளில் பையன்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்பார்: “ஊருக்குப் பணம் அனுப்பியாச்சா?” இல்லை என்றால், “போய் அனுப்பிட்டு வா, கடை எங்கேயும் ஓடிப்போகாது” என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

2016 செப்டம்பர் 12-ஆம் தேதியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காவிரித் தகராறில் நகரத்தில் பஸ்கள் எரிந்தன. வேலை முடிந்து நடந்தே வந்த என்னைச் சந்து முனையில் பார்த்த முதலாளி, கையைப் பிடித்து இழுத்துப்போய் அடுப்படியில் உட்கார வைத்தார். ஷட்டரை இறக்கினார். இருட்டிய பிறகு தன் மகனைத் துணைக்கு அனுப்பி என்னை வீட்டில் விடச் சொன்னார். அன்று அவர் எனக்கு ஊற்றிக் கொடுத்தது டீ மட்டும்தான்.

ஆனால் நான் அவருக்குப் பட்ட பெரிய கடன் வேறு. அம்மா இறந்த வருஷம் எனக்கு மனது சரியில்லை. வாரம் ஒரு நாள் என்பது தினமும் ஆயிற்று. வீட்டில் பேச்சு குறைந்தது; மகள் என்னைக் கண்டால் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ஒரு நாள் இரண்டாவது கிளாஸ் கேட்டேன். சப்ளையர் முதலாளியைப் பார்த்தான். அவர் எழுந்து வந்து என் எதிரே உட்கார்ந்தார். “சார், போதும். இனிமேல் ஒரு மாசத்துக்கு இங்கே உங்களுக்குச் சாப்பாடு மட்டும்தான்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. வேறு கடைக்குப் போனேன். அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதை எல்லாம் கொடுத்தார்கள். அப்போதுதான் பயம் வந்தது. மறுநாள் திரும்பி வந்து முத்தெ சாப்பிட்டேன். ஒரு மாசம் ஆறு மாசமாகி, இன்றுவரை அது சாப்பாடு மட்டும்தான்.

வீடு, வேலையிடம் இரண்டும் போக மனிதனுக்கு மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும் என்று அமெரிக்க சமூகவியலாளர் ரே ஓல்டன்பர்க் 1989-இல் ஒரு புத்தகமே எழுதினார். நம் முன்னோருக்குத் திண்ணையும் டீக்கடை பெஞ்சும் இருந்தன. திண்ணை இல்லாத ஊருக்குப் பிழைக்க வந்த பையன் மாலையில் எங்கே போவான்? எல்லாக் கல்லாவிலும் எங்கள் முதலாளி உட்கார்ந்திருக்க மாட்டார். குடியால் அழிந்த குடும்பங்களை இந்தத் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

அதனால் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். அல்சூர் ஏரிக்கரை எங்களுக்கு வெகு தூரம். பொம்மசந்திராவிலேயே ஒரு சிறிய அறை, நாலு தமிழ்ப் பத்திரிகை, ஒரு கேரம் போர்டு, பெயர் சொல்லி அழைக்க ஒரு பெரியவர் இருந்தால் போதும். இதை முதலாளியிடம் சொன்னேன். தன் வியாபாரம் குறையுமே என்று அவர் யோசிக்கவில்லை.

“ரூம் பாருங்க சார். நாலு நாற்காலி நான் கொடுக்கறேன்” என்றார்.