பயனர் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்

"கடவுச்சொல் சரியாகவே உள்ளது, ஆயினும் சர்வர் உள்ளே விட மறுக்கின்றது" என்னும் முறையீட்டை, கணக்குகளைத் தொலைவிலுள்ள கணினியில் வைத்து நடத்தும் சங்கங்களில் நாம் கேட்பதுண்டு. எழுத்தர் கடவுச்சொல்லையே மீண்டும் மீண்டும் அடித்துப் பார்ப்பார். அதற்கு முன் அடித்த பயனர் பெயரைத் திரும்பிப் பாரார். குற்றம் பலவேளை அங்கேதான் இருக்கும்.

தமிழெழுத்தில் பெரியது, சிறியது என்னும் பேதமில்லை, ஆங்கிலத்தில் உண்டு. நமக்கு அவை ஒரே எழுத்தின் இரு வடிவங்கள். கணினியோ எழுத்தை எண்ணாகவே அறியும். ஆங்கில 'ஏ' எழுத்தின் பெரிய வடிவத்திற்கு 65; சிறிய வடிவத்திற்கு 97. லினக்ஸ் சர்வர் அவ்வெண்களை உள்ளபடியே ஒப்பிடுவதால், முதலெழுத்தைப் பெரிதாக அடித்த 'ரவி' அதற்கு வேறு ஆள். பதிவேட்டில் இல்லாத ஆள். விண்டோஸ் சர்வர் பயனர் பெயரில் இவ்வேற்றுமையைப் பொருட்படுத்துவதில்லை. கடவுச்சொல்லில் மட்டுமே பார்க்கும். ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் இடறுவது இதனாலேயே.

லினக்ஸுக்கு முன்மாதிரியான யூனிக்ஸ், 1969-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாகத் தொடங்கியது. அக்காலத்து டெலிடைப் யந்திரங்களுள் சில பெரிய எழுத்தை மட்டுமே அறிந்தவை. ஆகவே பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் வந்தால், யூனிக்ஸ் தானே அதைச் சிறிய எழுத்தாகக் கொண்டது. இன்று எஸ்.எஸ்.எச். முறையில் நுழைவோருக்கு அச்சலுகை இல்லை.

பதிவில் இல்லாத பெயருக்கும் சர்வர் கடவுச்சொல் கேட்கும். பின்னர், அனுமதி இல்லை என்று மட்டுமே கூறும். எப்பெயர்கள் உள்ளன என்பதை அந்நியர் சோதித்தறியலாகாது என்பதே காரணம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் பெயரைப் பிழையாக அடித்த நம் எழுத்தரும் அந்நியரும் அதற்கு ஒன்றே. தவறான முயற்சிகள் பெருகினால் சில சர்வர்கள் சிறிது காலம் வழியையே அடைத்துவிடும். கூலிப் பட்டுவாடா நாளன்று அது நேர்ந்தால், நெசவாளர் வெறுங்கையுடன் வீடு திரும்ப வேண்டியதுதான்.

கைபேசியில் அடிக்கும்போது முதலெழுத்து தானே பெரிதாகிவிடுவதுண்டு. அதை முதலில் கவனிக்க வேண்டும். புதிய பெயர்களை முற்றிலும் சிறிய எழுத்திலேயே பதிவு செய்தல் நலம். டெபியன் லினக்ஸில் பயனரைச் சேர்க்கும் வழக்கமான கட்டளை, பெரிய எழுத்துள்ள பெயரை இயல்பாக ஏற்பதே இல்லை. எழுத்தளவில் மட்டும் வேறுபட்ட இரண்டு 'ரவி'கள் ஒரே சர்வரில் இருப்பின், எந்தப் பதிவை எவர் செய்தார் என்று தணிக்கையில் பிரித்தறிவது பெருந்தொல்லை.

பெயரைச் சங்கக் குறிப்பேட்டில் எழுதி வைப்போர், விண்ணப்பப் படிவங்களில் எழுதுவதுபோல் முழுதும் பெரிய எழுத்தில் எழுதலாகாது. சர்வரில் பதிவான வடிவிலேயே எழுதுக.