இரண்டு எழுத்து போதும், வேலை கண்முன் வரும்!

நெகிரி செம்பிலானில் ரப்பர் மரங்கள் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. நீலாய் வட்டாரத்தில் கல்லூரிகள் எழுந்துவிட்டன. ரந்தாவ், லாபு, பகாவ் தோட்டத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் கணினித் துறைக்கும் போகிறார்கள். கருப்புத் திரையில் பிள்ளை எதையோ தட்டுவதைக் கண்டு, "கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சா?" என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. கெடவில்லை. அதன் பெயர் டெர்மினல். படங்களைச் சொடுக்காமல், கட்டளைகளை எழுதிக் கணினியை இயக்கும் இடம் அது.

சிக்கல் எங்கே? கல்லூரிப் பாடம், தமிழ்ப்பள்ளிக்கான இணையப் பக்கம், கோவில் கணக்கு ஆகிய மூன்றும் ஒரே மடிக்கணினியில் இருக்கும்போதுதான். எது எந்தச் சன்னலில் என்று தேடுவதிலேயே கவனம் சிதறுகிறது. தவறான சன்னலில் தட்டிய ஒரே ஒரு கட்டளை, வேறு வேலையின் கோப்புகளை அழித்தும் விடலாம்!

இதற்கு இரண்டு இலவச மென்பொருள்கள் கைகொடுக்கின்றன. முதலாவது, நிக்கோலஸ் மேரியட் எழுதி 2007இல் வெளிவந்த டீமக்ஸ். ஒவ்வொரு வேலைக்கும் பெயர் சூட்டித் தனி அமர்வு திறக்கலாம். சன்னலை மூடினாலும் அமர்வு பின்னணியில் ஓடும். தொலைவிலுள்ள சர்வரில் ஓட்டினால், இணையத் தொடர்பு அறுந்தாலும் வேலை நிற்காது.

இரண்டாவது, ஜுனகுன் சோய் 2013இல் உருவாக்கிய எஃப்.இசட்.எஃப். இது தேடித் தரும் கருவி. அமர்வுகளுக்கு ஆங்கில எழுத்தில் ரந்தாவ்-கோவில், லாபு-ஸ்கூல், நீலாய்-காலேஜ் என்று பெயர் வைத்ததாகக் கொள்வோம். 'எல்' எழுத்தை இருமுறை தட்டினால் பள்ளியும் கல்லூரியும் மட்டும் மிஞ்சும். அதற்குப் பதிலாக 'ஆர்', 'கே' தட்டினால் கோவில் மட்டும் நிற்கும். தட்டிய எழுத்துகள் பெயருக்குள் அதே வரிசையில் இருந்தால் போதும். நடுவில் எத்தனை எழுத்து விடுபட்டாலும் கவலையில்லை.

தோட்டத்து மக்களுக்கு இதன் அருமை எளிதில் புரியும். காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் பதியப்பட்டதால் ஒரே லட்சுமி, ஓர் ஏட்டில் 'லெட்சுமி', இன்னோர் ஏட்டில் 'லக்ஷ்மி' என்று ஆனதுண்டு. 'எல்', 'எம்', 'ஐ' தட்டினால் இரண்டும் வரும். ஆனால் 'எல்', 'கே' தட்டினால் லெட்சுமி வரமாட்டாள். எழுத்தை விடலாம், மாற்றி எழுதக்கூடாது என்பதே இதன் கணக்கு.

இரண்டையும் இணைப்பது எப்படி? டீமக்ஸ் தன் அமர்வுப் பட்டியலை எஃப்.இசட்.எஃப்.இடம் தருகிறது. அங்கே தேர்ந்தெடுத்த பெயர் டீமக்ஸுக்கே திரும்பி வருகிறது. உடனே அந்த அமர்வு திறக்கிறது. இந்தப் படிகளைச் சில வரிகளில் எழுதி ஒரு விசையோடு பொருத்திவிட்டால், வேலை மாற ஓரிரு நொடிதான். லினக்ஸ், மேக் கணினிகளில் இரண்டும் ஓடும். விண்டோஸில் அதற்குள் லினக்ஸ் அமைப்பை நிறுவிப் பயன்படுத்தலாம்.

ஓர் எச்சரிக்கை. டீமக்ஸ் ஓடும் கணினியே அணைந்தால் அமர்வும் போய்விடும். ஆகவே கோப்புகளை அவ்வப்போது சேமிப்பது அவசியம்.

இன்னொன்று, பெயர். 'டெஸ்ட் ஒன்று', 'டெஸ்ட் இரண்டு' என்று வைத்தால் எந்தக் கருவியாலும் உதவ முடியாது. ஒரு மாதம் கழித்தும் நினைவில் நிற்கும் பெயரை வையுங்கள். அதில் இரண்டெழுத்து ஞாபகம் இருந்தால் போதும், மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும்.